கிரிம் கதைகளின் கொடுமையைக் குழந்தைகளுக்காகக் குறைத்துச் சொல்லலாமா?

தாழைமலர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஐந்து வயது மகளுக்கு இரவில் கதை சொல்லும் பொறுப்பு என்னுடையது. அண்மைக் காலமாக ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளைத் தமிழில் சொல்லி வருகிறேன். ஹான்சல், கிரெட்டல் கதைக்கு வந்தபோது வீட்டில் கருத்து வேறுபாடு எழுந்தது. பஞ்ச காலத்தில் பெற்றோரே பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருவதும், சூனியக்காரி சிறுவனைத் தின்பதற்காக அடைத்துவைத்துக் கொழுக்க வைப்பதும், இறுதியில் சிறுமி அவளை அடுப்பில் தள்ளி எரிப்பதும் இந்த வயதுப் பிள்ளையின் காதில் விழ வேண்டிய செய்திகள்தானா என்று என் மாமியார் கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் தோன்றியது.

ஆகவே அதே கதையை மென்மையாக்கிய ஒரு படப்புத்தகத்தை வாங்கினேன். அதில் சூனியக்காரி மன்னிப்புக் கேட்டுப் பிள்ளைகளுக்குத் தோழியாகிவிடுகிறாள். என் மகள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அவளுக்கு மறுபடியும் பசி எடுத்தால் என்ன செய்வாள்?" என்றாள். அதற்கு என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. இத்தகைய கதைகள் குழந்தையின் மனத்தில் என்ன செய்கின்றன என்பது குறித்து ஆய்வாளர்கள் உண்மையில் என்ன கண்டறிந்திருக்கிறார்கள், எவையெல்லாம் வெறும் கருத்து என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓடக்கரை:

அம்மா, தொடக்கப் பள்ளியில் நீண்ட காலம் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். குழந்தைக்குக் கதை சொல்வதன் நோக்கம் நல்லொழுக்கத்தை மனத்தில் ஊன்றுவது. பொய் சொல்லக் கூடாது, பேராசை கூடாது, இருப்பதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பவற்றைக் கதையாகச் சொன்னால் பிள்ளை அவற்றை எளிதில் ஏற்றுக்கொள்கிறது. அந்த நோக்கத்துக்கு அடுப்பில் தள்ளி எரிப்பது எவ்வகையிலும் தேவையில்லை. விலங்குகள் பேசும் நீதிக்கதைகள் நம்மிடம் ஏராளமாக இருக்கும்போது, பெற்றோரே பிள்ளையைக் கைவிடும் கதையை உறங்கப் போகும் நேரத்தில் சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கல்மண்டபம்:

தாழைமலர் அவர்களே, உங்கள் வீட்டில் எழுந்த கேள்வி அந்தக் கதைத் தொகுப்பு வெளிவந்த நாளிலேயே எழுந்துவிட்டது. யாகோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் இருவரும் முதல் தொகுதியை 1812இலும் இரண்டாம் தொகுதியை 1815இலும் வெளியிட்டார்கள். தலைப்பில் குழந்தைகள் என்ற சொல் இருந்தாலும், அது படங்கள் இல்லாத, ஆய்வுக் குறிப்புகள் நிறைந்த நூலாகவே இருந்தது. கதைகளைச் சொன்னவர்களில் பலர் காசல் நகரத்து நடுத்தரக் குடும்பங்களைச் சேர்ந்த படித்த இளம்பெண்கள். நூலைக் கண்டவர்கள், இது குழந்தைகளிடம் கொடுக்கத் தக்கதன்று என்று குறை கூறினார்கள். அதன்பின் வில்ஹெல்ம் ஒவ்வொரு பதிப்பிலும் திருத்திக்கொண்டே வந்தார். 1825இல் ஐம்பது கதைகள் மட்டும் அடங்கிய சிறிய பதிப்பு, அவர்களுடைய தம்பி லுட்விக் எமில் வரைந்த படங்களோடு வந்தது. இன்று நாம் படிப்பது பெரும்பாலும் 1857இன் ஏழாம் பதிப்பை ஒட்டிய வடிவம்.

இந்தத் திருத்தங்களில் எது நீங்கியது, எது நிலைத்தது என்று பார்ப்பது மிகவும் பயனுள்ளது. முதல் பதிப்பில், கோபுரத்தில் அடைபட்டுத் தன் நீண்ட கூந்தலால் மற்றவர்களை மேலே ஏற்றும் ராபன்சல், தன் ஆடைகள் ஏன் இறுகிப்போகின்றன என்று வெகுளியாகக் கேட்கிறாள்; அவள் கருவுற்றிருப்பது அதிலிருந்து தெரிந்துவிடுகிறது. பின்வந்த பதிப்புகளில் அந்தக் கேள்வி மறைந்து, இளவரசனைவிட உன்னை மேலே இழுப்பது கடினமாக இருக்கிறதே என்று சூனியக்காரியிடம் வாய்தவறிச் சொல்வதாக மாறிவிட்டது. சிறுவர்கள் கசாப்புக்காரர் விளையாட்டு விளையாடி ஒரு பிள்ளையைக் கொன்றுவிடும் கதை 1819இன் இரண்டாம் பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டது. ஆனால் சிண்டரெல்லாவின் சகோதரிகளுடைய கண்களைப் புறாக்கள் கொத்தும் தண்டனை, அதே 1819இல்தான் புதிதாகச் சேர்க்கப்பட்டது. ஸ்னோ ஒயிட்டின் அரசி பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணிகளை அணிந்து சாகும்வரை ஆடுவது கடைசிவரை நீங்கவே இல்லை.

அதாவது, அந்தத் தலைமுறை தன் பிள்ளைகளிடமிருந்து மறைக்க விரும்பியது பாலுறவையே. தண்டனையை அவர்கள் அறநெறியின் பகுதியாகக் கருதியதால் அதை மறைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. நம் தலைமுறைக்குத் தண்டனை உறுத்துகிறது. ஆகவே "மூலக் கதையை மாற்றலாமா" என்ற கேள்வியை வைத்துக்கொண்டு நாம் எங்கும் போய்ச் சேர முடியாது. யாரும் தொடாத மூலம் என்று ஒன்று அங்கே இல்லை. எந்த மாற்றம் குழந்தைக்கு உதவுகிறது, எது உதவவில்லை என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

இளவேனில்:

வளர்ச்சி உளவியலில் ஈடுபாடு உடையவள் என்பதால், ஓடக்கரை ஐயா சொன்ன நல்லொழுக்கம் குறித்து ஆய்வுகள் காட்டுவதை மட்டும் இங்கே வைக்கிறேன்.

2014இல் காங் லீயும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளிடம் ஒரு பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஆய்வாளர் சிறிது நேரம் அறையை விட்டு வெளியேறினார். பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். பின்பு அவர் ஒரு கதையைப் படித்துக் காட்டிவிட்டு, பார்த்தாயா இல்லையா என்று கேட்டார். பொய் சொன்னதால் மூக்கு நீண்ட பினோக்கியோவின் கதையும், ஓநாய் வருகிறது என்று பொய்யாகக் கூவிய சிறுவனின் கதையும் பிள்ளைகள் உண்மை பேசுவதை அதிகரிக்கவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு தந்தையின் பாராட்டைப் பெறும் ஜார்ஜ் வாஷிங்டனின் கதை மட்டுமே அதிகரித்தது. அந்தக் கதையின் முடிவையும் தண்டனையாக மாற்றிச் சொன்னபோது அதன் பலனும் போய்விட்டது. பொய்க்கு வரும் கேட்டைக் காட்டி அச்சுறுத்துவதால் பிள்ளை உண்மை பேசுவதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

பேசும் விலங்குகள் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். டொராண்டோவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதை நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இருவகையாகக் காட்டப்பட்டது. ஒன்றில் மனிதர்கள் இருந்தார்கள், மற்றொன்றில் ஆடை உடுத்திய விலங்குகள் இருந்தன. மனிதர்கள் இடம்பெற்ற கதையைக் கேட்ட பிள்ளைகளே பின்னர் தம்மிடமிருந்த ஒட்டுப்படங்களை அதிகமாகப் பகிர்ந்துகொண்டார்கள். விலங்குக் கதை அந்த விளைவைத் தரவில்லை. கதையில் நடப்பதைத் தன் வாழ்க்கைக்கு எடுத்துக்கொண்டு வருவது சிறு பிள்ளைக்கு நாம் எண்ணுவதைவிடக் கடினமான வேலை.

இவற்றை வைத்து நீதிக்கதைகளை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கதையின் பயனை நீதியால் மட்டும் அளந்தால், அளக்கக் கிடைப்பது மிகக் குறைவாகவே இருக்கும் என்பதே என் கருத்து.

வெண்ணாரை:

இந்த இழையில் புரூனோ பெட்டல்ஹைம் பெயர் இன்னும் வரவில்லை என்பது வியப்பாக இருக்கிறது. வியன்னாவில் 1903இல் பிறந்து, டாகாவ், புக்கன்வால்ட் வதைமுகாம்களில் அடைக்கப்பட்டு 1939இல் விடுதலையாகி அமெரிக்கா சென்று, சிகாகோவில் மனநலம் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளியைப் பல்லாண்டுகள் நடத்தியவர் அவர். தேவதைக் கதைகளும் குழந்தையின் மனமும் பற்றி 1976இல் அவர் எழுதிய நூல் இன்றுவரை விவாதிக்கப்படுகிறது.

அவருடைய வாதத்தின் மையம் இதுதான். கைவிடப்படுவோமோ என்ற அச்சமும், உடன்பிறந்தாரின் மேல் பொறாமையும், பெற்றோர்மீது எழும் கோபமும் குழந்தையின் மனத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்குப் பெயரிடக் குழந்தைக்குத் தெரியாது. பெரியவர்கள் நல்லவற்றை மட்டும் பேசும் வீட்டில், தன்னுள் இருக்கும் இந்த உணர்வுகளால் தானே கெட்ட பிள்ளை என்று அது நம்பத் தொடங்குகிறது. தேவதைக் கதை அந்த அச்சங்களுக்குக் காடு, ஓநாய், சூனியக்காரி என்று உருவம் கொடுத்து, கடந்து வருவதற்கு வழியுண்டு என்று காட்டுகிறது. ஹான்சலும் கிரெட்டலும் காட்டில் கண்டு தின்னத் தொடங்கும் அந்த ரொட்டிச் சுவரும் கேக் கூரையும் சர்க்கரைச் சன்னலும் உடைய வீட்டை, தாயை விட்டுப் பிரிய விரும்பாத மழலைப் பருவத்துப் பசியின் வடிவமாக அவர் விளக்குகிறார்.

கதையின் உட்பொருளை ஒருபோதும் குழந்தைக்கு விளக்கிச் சொல்லாதீர்கள் என்று அவர் வற்புறுத்துகிறார். குழந்தை தானாகக் கண்டடையும்போதுதான் அது அதற்குச் சொந்தமாகிறது. படங்களைக்கூட அவர் விரும்பவில்லை. குழந்தை தன் மனத்தில் வரையும் சூனியக்காரியே அதற்குத் தேவையான சூனியக்காரி என்பது அவருடைய எண்ணம். தாழைமலர் அவர்கள் வாங்கிய படப்புத்தகம் இரண்டு வகையிலும் தவறியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கல்மண்டபம்:

பெட்டல்ஹைமின் நூலை நானும் மதிப்போடு படித்திருக்கிறேன். ஆனால் அதன் அடித்தளத்தில் இரண்டு பெரிய விரிசல்கள் உள்ளன.

முதலாவது வரலாறு சார்ந்தது. உளப்பகுப்பாய்வாளர்கள் கதையின் ஒவ்வொரு சிறு விவரத்துக்கும் பொருள் காண்கிறார்கள். சிவப்புத் தொப்பிச் சிறுமியின் தொப்பியை மாதவிலக்கின் குறியீடு என்று எரிக் ஃப்ராம் 1951இல் விளக்கினார். வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ன்டன் 1984இல் சுட்டிக்காட்டியதுபோல், பிரெஞ்சு உழவர்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்த வடிவங்களில் அந்தத் தொப்பியே கிடையாது. 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதிய வடிவத்தின் வழியாகவே அது கதைக்குள் வந்தது. அந்த வடிவத்தில் ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுவதோடு கதை முடிந்துவிடுகிறது. வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றும் வேடன் கிரிம் தொகுப்பில்தான் வருகிறான். நூற்றாண்டுகளாகத் திரண்ட மக்கள் ஞானம் என்று விளக்கப்படும் பல விவரங்கள், ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஓர் எழுத்தாளர் தம் மேசையில் அமர்ந்து சேர்த்தவை.

மாற்றாந்தாயையும் இதே வகையில் சேர்க்க வேண்டும். நல்ல தாய், கெட்ட மாற்றாந்தாய் என்று கதை தாயை இரண்டாகப் பிரிப்பதால், குழந்தை தன் தாயின்மேல் வரும் கோபத்தை மாற்றாந்தாயின்மேல் சாற்றிவிட்டு, நல்ல தாயின் உருவத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பது பெட்டல்ஹைமின் விளக்கம். 1812இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துணிந்தவள் அவளைப் பெற்ற தாய்தான். 1819இல்தான் மாற்றாந்தாயாக மாற்றப்பட்டாள். ஹான்சல், கிரெட்டல் கதையில் அந்த மாற்றம் 1840வரை வரவில்லை. தாய்மையின் புனிதம் கெடக் கூடாது என்று வில்ஹெல்ம் செய்த திருத்தத்தைக் குழந்தை மனத்தின் ஆழ்ந்த தேவையாக விளக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இரண்டாவது, நேர்மை சார்ந்தது. ஜூலியஸ் ஹாய்ஷர் என்ற மனநல மருத்துவர் 1963இல் வெளியிட்ட நூலிலிருந்து பெட்டல்ஹைம் உரிய ஒப்புதலின்றிப் பகுதிகளை எடுத்தாண்டிருப்பதை நாட்டாரியல் அறிஞர் ஆலன் டண்டஸ் 1991இல் எடுத்துக்காட்டினார். தாயின் அன்பின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கொள்கையைப் பெட்டல்ஹைம் பரப்பியதால் எத்தனையோ தாய்மார்கள் பழி சுமந்தார்கள். அந்தக் கொள்கை பின்னர் முற்றிலும் கைவிடப்பட்டது. குழந்தை மனத்தைப் பற்றி அவர் உறுதியோடு சொல்லும் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்காமல் ஏற்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

நிலாமுற்றம்:

இதுவரை படித்துக்கொண்டிருந்தேன். மாற்றாந்தாய் பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

நான் திருமணம் செய்துகொண்டபோது என் கணவருக்கு ஏழு வயதில் ஒரு மகன் இருந்தான். இப்போது அவன் என்னைச் சித்தி என்று அழைக்கிறான், அன்பாகவே இருக்கிறான். ஆனால் பள்ளியிலும் உறவினர் வீடுகளிலும் அவன் கேட்ட கதைகள் அனைத்திலும் சித்தி என்பவள் ஒரே வகையாகத்தான் இருந்தாள். நான் சோறு போடும்போது அவன் முதல் சில மாதங்கள் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குக் கதைகள் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கதைகளுக்குப் பங்கில்லை என்று யாரும் என்னிடம் சொல்லவும் முடியாது.

தாயின் பெயரைக் காப்பாற்றுவதற்காக ஒருவர் பேனாவை எடுத்துக் குற்றத்தை இன்னொரு பெண்ணின் தலையில் ஏற்றினார் என்பதை இன்றுதான் அறிந்தேன். குழந்தைக்கு அந்தப் பிரிவு உதவுகிறது என்று வாதிடுபவர்கள், அந்தக் குழந்தை மாற்றாந்தாயோடு ஒரே வீட்டில் வாழும் குழந்தையாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ண வேண்டும். தன்னை வளர்ப்பவளையே அஞ்சச் சொல்லும் கதை அந்தக் குழந்தைக்கு எந்த வழியைத் திறக்கிறது?

வெண்ணாரை:

நிலாமுற்றம் அம்மா, தாங்கள் எழுதியதை இருமுறை படித்தேன். அந்தக் குழந்தையை மனத்தில் வைத்துச் சொல்பவர் கதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடே இல்லை.

கல்மண்டபம் அவர்களுக்கு ஒரு சொல். ஒருவர் மாற்றிய விவரம் என்பதாலேயே அது குழந்தைக்குப் பொருளற்றதாகிவிடாது. யார் சேர்த்திருந்தாலும், கேட்கும் குழந்தை அதை எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதுதான் உளவியலின் கேள்வி. அச்சத்துக்கு உருவம் கொடுத்து அதற்கு ஒரு முடிவும் கொடுப்பது கதையின் பணி என்ற கருத்து, பெட்டல்ஹைமின் நடத்தையோடு சேர்ந்து விழுந்துவிட வேண்டியதில்லை.

ஓடக்கரை:

இருவரும் குழந்தை கதையை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பேசுகிறீர்கள். குழந்தைக்கு எது உண்மை, எது கற்பனை என்று பிரித்தறியத் தெரியுமா என்பதை முதலில் பேசுங்கள். மரியா மாண்டிசோரி அம்மையார் சிறு குழந்தைகளுக்கு மாயக்கதைகள் சொல்வதை ஏற்கவில்லை. உண்மை உலகைத் தொட்டும் பார்த்தும் அறிந்துகொள்ள வேண்டிய வயதில், இல்லாத ஒன்றை நம்பவைப்பது குழந்தையின் அறிவைக் குழப்பும் என்பது அவருடைய நிலைப்பாடு. என் வகுப்பில் பேய்க்கதை கேட்டுவிட்டுக் கழிப்பறைக்குத் தனியாகப் போக மறுத்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு அந்தப் பேய் கற்பனை என்று தெரிந்திருந்தால் ஏன் அஞ்ச வேண்டும்?

இளவேனில்:

ஐயா கேட்டது மிக முக்கியமான கேள்வி. அதற்கு நேரான ஓர் ஆய்வு உண்டு.

பால் ஹாரிஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1991இல் வெளியிட்டது அது. நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் வெற்றுப் பெட்டியைக் காட்டி, உள்ளே ஓர் அரக்கன் இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். வேறு சிலரிடம் முயல் இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். கேட்டபோது பிள்ளைகள், உள்ளே உண்மையில் ஒன்றும் இல்லை, இது வெறும் கற்பனை என்று தெளிவாகச் சொன்னார்கள். ஆனால் ஆய்வாளர் வெளியே போக எழுந்தபோது, அரக்கனைக் கற்பனை செய்த சிறு பிள்ளைகளில் சிலர் அவரைப் போக வேண்டாம் என்றார்கள். தனியாக விடப்பட்ட பிள்ளைகளில் பலர் கற்பனை செய்த பெட்டியின் அருகே சென்று பார்த்தார்கள். பின்னர், ஒருவேளை உள்ளே ஏதாவது இருக்குமோ என்று எண்ணியதாகவும் சிலர் சொன்னார்கள்.

ஆகவே உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது கற்பனை என்று தெரிந்திருக்கும். அச்சமும் மெய்யாகவே இருந்திருக்கும். இரண்டும் ஒரே மனத்தில் ஒருங்கே இருக்க முடியும். வளர்ந்த நாமும் திரைப்படத்தில் பேயைப் பார்த்துவிட்டு இருட்டில் விளக்கைத் தேடுகிறோம். கற்பனை என்று நினைவூட்டுவதால் மட்டும் அச்சம் போகாது. அச்சத்தைத் தூண்டிய கதை அதை எப்படி முடித்துவைத்தது, அப்போது யார் அருகில் இருந்தார்கள் என்பவைதான் கவனிக்கத் தக்கவை. பேய்க்கதைகள் பெரும்பாலும் பேயை உயிரோடு விட்டுவிட்டு முடிகின்றன. ஹான்சல், கிரெட்டல் கதையில் சூனியக்காரி எஞ்சுவதில்லை. தாழைமலர் அவர்களின் மகள் கேட்ட கேள்வி இதைத்தான் தொடுகிறது. கொடுமையை நீக்கிய புத்தகம் அச்சத்தை நீக்கவில்லை, முடிவை நீக்கிவிட்டது.

மாயக்கதைகளைத் தவிர்த்தால் குழந்தை உண்மை உலகில் மட்டும் வாழும் என்பதும் சரியன்று. சோவியத் ஒன்றியத்தில் 1920களில் தேவதைக் கதைகள் குழந்தைகளுக்குத் தீங்கு என்று பெரிய இயக்கமே நடந்தது. கவிஞர் கொர்னேய் சுகோவ்ஸ்கியின் முதலைக் கதைப்பாட்டை லெனினின் மனைவி குரூப்ஸ்கயா 1928இல் பிராவ்தா நாளிதழில் கடுமையாகத் தாக்கினார். குழந்தைகளின் மொழியைப் பற்றிச் சுகோவ்ஸ்கி எழுதிய நூலில் ஒரு தாயின் நாட்குறிப்பு இடம்பெறுகிறது. மகனை மாயக்கதைகளே இல்லாமல் வளர்க்க முடிவுசெய்தவர் அவர். அந்தச் சிறுவன் தன் அறையில் ஒரு சிவப்பு யானை குடிவந்துவிட்டதாகவும், தன் தோழியான கரடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் அம்மா அங்கே உட்காரக் கூடாது என்றும் தானாகவே சொல்லத் தொடங்கிவிட்டான். தடைசெய்தவற்றைப் பிள்ளை தன் கையால் படைத்துக்கொண்டது.

மாயக்கதைகள் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சிக்கலைத் தீர்க்கும் வழியைக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால், மெய்யான மனிதர்கள் வரும் கதையிலிருந்தே சிறு பிள்ளைகள் அதை எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மறுபுறம், புதிய சொற்களைக் கற்பதில் மாயக்கதைகளைக் கேட்ட முன்பள்ளிப் பிள்ளைகள் சொற்பொருளைக் கூடுதலாக விளக்கினார்கள் என்று 2015இல் வேறோர் ஆய்வு காட்டியது. எந்தப் பயனைத் தேடுகிறோமோ அதைப் பொறுத்தே விடை அமைகிறது.

கல்மண்டபம்:

இளவேனில் சொன்னதோடு வடிவத்தைப் பற்றிய ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இந்தக் கதைகளில் கொடுமை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை சுவிஸ் அறிஞர் மாக்ஸ் லூதி 1947இல் நுட்பமாக ஆராய்ந்தார். அவர் எடுத்துக்காட்டும் ஓர் இடம் ஏழு காக்கைகள் என்ற கிரிம் கதையில் வருகிறது. கண்ணாடி மலையின் கதவைத் திறக்க வேண்டிய சிறுமி, கொண்டுவந்த சாவி தொலைந்துவிட்டதால் தன் சுண்டுவிரலை வெட்டி அதையே சாவியாக நுழைக்கிறாள். அவள் அழுததாகவோ இரத்தம் வழிந்ததாகவோ கதை ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. ஆழம் இல்லாத, காகிதத்தில் வெட்டிய உருவங்களைப் போன்ற மனிதர்கள் அவர்கள். வலி விவரிக்கப்படுவதே இல்லை. "ஒரே ஒரு ஊரிலே" என்று தொடங்கும்போதே அந்த ஊர் நம் தெருவில் இல்லை என்று குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னர் நிகழும் எல்லாக் கொடுமையும் அந்தத் தொலைவிலேயே நிகழ்கிறது.

இதே கதை திரைக்கு வரும்போது அந்தத் தொலைவு குறைந்துவிடுகிறது. டிஸ்னியின் 1937 ஸ்னோ ஒயிட் படத்தில் இரும்புக் காலணி கிடையாது; அரசி மலையிலிருந்து விழுந்து இறக்கிறாள். அவ்வளவு மென்மையாக்கியும், பிரிட்டனின் தணிக்கையாளர்கள் அதைச் சிறுவர்கள் பெரியவர் துணையோடு மட்டுமே பார்க்கலாம் என்று சான்றளித்தார்கள். குழந்தையை அச்சுறுத்துவது நிகழ்ச்சியின் கொடுமை மட்டுமன்று என்பதற்கு இது நல்ல சான்று. காட்சியும் இசையும் முகத்தின் நெருக்கமும் சேர்ந்து, குழந்தை தன் அளவுக்குக் கற்பனை செய்துகொள்ளும் வாய்ப்பைப் பறித்துவிடுகின்றன. பாட்டியின் வாயிலிருந்து வரும் சூனியக்காரி குழந்தை தாங்கக்கூடிய அளவுக்கே பெரியவளாக இருக்கிறாள். படங்களை விரும்பாத பெட்டல்ஹைமோடு இந்த ஓர் இடத்தில் நான் உடன்படுகிறேன்.

தமிழிலிருந்தும் ஒன்றை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பஞ்சமும் பிள்ளைகளைக் கைவிடுதலும் நல்லதங்காள் கதையிலும் உண்டு. பசியோடு தாய்வீடு வந்த நல்லதங்காளை அண்ணி விரட்ட, அவள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் வீசித் தானும் விழுகிறாள். நம் வீடுகளில் பல பிள்ளைகள் இந்தக் கதையைப் பெரியவர்களின் ஒப்பாரியோடு கேட்டு வளர்ந்தார்கள். எனினும் இது குழந்தைகளுக்கான கதை ஆகாது. நிகழ்வதெல்லாம் தாயின் துயரத்திலிருந்து காணப்படுகிறது. பிள்ளைகளால் கெஞ்ச மட்டுமே முடிகிறது. ஹான்சல், கிரெட்டல் கதையில் பெற்றோர் இரவில் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுவிடுகிறார்கள். வழியை அடையாளம் காண ஹான்சல் கூழாங்கற்களைப் பொறுக்குகிறான். தொடக்கத்தில் அழுதுகொண்டே இருக்கும் கிரெட்டல், அண்ணன் அடைபட்டபின் தானே சிந்தித்துச் சூனியக்காரியை வெல்கிறாள். திரும்பும் வழியில் நீரைக் கடக்கும்போது, வாத்தின் முதுகில் இருவரும் சேர்ந்து ஏறினால் அது தாங்காது, ஒவ்வொருவராகப் போவோம் என்று முடிவெடுப்பவளும் அவள்தான். இரண்டு கதைகளிலும் கொடுமை ஏறத்தாழ ஒரே அளவுதான். குழந்தைக்கு அந்தக் கதைக்குள் செய்வதற்கு ஏதேனும் இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

தாழைமலர்:

அனைவருக்கும் என் நன்றி. மாமியாரிடமும் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். கிரெட்டலும் வாத்தும் வரும் பகுதி அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. சூனியக்காரியின் முடிவை அவர் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை என்றாலும், உயிரோடு விடுவதில் உள்ள சிக்கலை உணர்கிறார்.

இன்னொரு கேள்வி உள்ளது. நேற்றிரவு முழுக் கதையையும் படமில்லாமல் சொன்னேன். மகள் அடுப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "நம் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டால் என்னையும் விட்டுவிடுவீர்களா?" என்று கேட்டாள். விளக்கம் சொல்லக் கூடாது என்று பெட்டல்ஹைம் சொல்வதாக வெண்ணாரை எழுதியிருந்தார். அப்படியானால் இதற்கு என்ன பதில் சொல்வது?

வெண்ணாரை:

விளக்கக் கூடாது என்பது கதையின் உட்பொருளை. குழந்தை தன்னைப் பற்றிக் கேட்டால் அதற்கு நேராகப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

இளவேனில்:

ஆம். "விட மாட்டோம்" என்று உடனே, தெளிவாகச் சொல்லுங்கள். அரிசி தீர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், யாரிடம் கேட்பீர்கள் என்று அவளுக்குப் புரியும் அளவில் சொல்லுங்கள். கதையிலுள்ள பெற்றோர் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று அவர்களுக்காக வாதாட வேண்டாம். அவள் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டதே கதை செய்த நன்மை என்று நான் கருதுகிறேன். கதை இல்லாவிட்டால் அந்த அச்சம் அவளிடம் இருந்திருக்காது என்று நாம் எண்ண வேண்டியதில்லை. கேட்பதற்கு ஒரு வழி கிடைத்திருக்காது.

அதே கதையை மறுபடி மறுபடி கேட்டால் சலிப்படையாமல் சொல்லுங்கள். முடிவு தெரிந்த அச்சத்தை அவள் தன் விருப்பத்தின்படி திரும்ப அணுகுகிறாள். நடுவில் போதும் என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். உறக்கம் கெடுவது, தனியாக இருக்க மறுப்பது போன்றவை பல நாள் தொடர்ந்தால் அந்தக் கதையைச் சிறிது காலம் ஒதுக்கி வையுங்கள். ஒரே வயதுடைய இரு பிள்ளைகள் ஒரே கதையை ஒரே வகையாகத் தாங்குவதில்லை.

ஓடக்கரை:

நிறுத்தும் உரிமை குழந்தையிடம் இருக்க வேண்டும் என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பறையில் அந்த உரிமையைக் கொடுக்க முடியாது. ஆகவே பள்ளியில் இத்தகைய கதைகளைச் சொல்வது குறித்து என் தயக்கம் நீடிக்கிறது; வீட்டில், மடியில் வைத்துக்கொண்டு சொல்வது வேறு.

நிலாமுற்றம்:

கல்மண்டபம் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். மாற்றாந்தாய் என்ற உறவைச் சொல்லாமலே இந்தக் கதையைச் சொன்னால், கதைக்கு ஏதேனும் குறை வருமா? எங்கள் வீட்டில் இப்போது இரண்டாவதாக ஒரு மகள் இருக்கிறாள். இருவரும் சேர்ந்து கதை கேட்கும்போது ஒருத்திக்கு நான் அம்மாவாகவும் மற்றவனுக்குச் சித்தியாகவும் இருக்கிறேன்.

கல்மண்டபம்:

எந்தக் குறையும் வராது, அம்மா. 1857 பதிப்பிலேயே பெரும்பாலான இடங்களில் அவள் விறகுவெட்டியின் மனைவி என்ற அளவில்தான் குறிப்பிடப்படுகிறாள். தாங்களும் அப்படியே சொல்லலாம். தந்தையையும் விட்டுவிடாதீர்கள். காட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்களில் அவனும் ஒருவன், பலர் சொல்லும்போது அவன் பங்கு மங்கிவிடுகிறது. பிள்ளைகள் திரும்பி வரும்போது அவள் இறந்துபோயிருக்கிறாள், அவன் வீட்டுக்குள் இருக்கிறான். அவர்கள் கொண்டுவந்த முத்துகளையும் மணிகளையும் தரையில் கொட்டும் இடத்தில், அவன் தன் பிள்ளைகளிடம் என்ன சொன்னான் என்று தங்கள் மகன் கேட்கக் கூடும். கிரிம் அதை எழுதவில்லை. மகனையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.